கோட்டும் கோடும்

கதவு திறக்கவில்லை.

சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜரின் நீலக் கோட்டு நனைந்த பூனை மாதிரி சுருண்டு கிடந்தது. முகப்பில் "துவைத்து முடிந்தது" என்று பச்சை எழுத்துகள் சிரித்துக்கொண்டிருந்தன.

"முடிஞ்சதுன்னு சொல்லுது. ஆனா விட மாட்டேங்குதே!" என்றார் மேனேஜர், கைப்பிடியை இழுத்தபடி.

"கோட்டையெல்லாம் மெஷின்ல போடலாமா சார்?" என்று கேட்டார் கணக்குப் பிரிவு அக்கா.

"காபி கொட்டிடுச்சும்மா. சோதனைக்கு அழுக்குத் துணி வேணும்னு நாமதானே எல்லாரையும் கெஞ்சறோம்?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் மேனேஜரைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்க்கவில்லை. வாசலருகே நகம் கடித்துக்கொண்டிருந்த சீப்பைப் பார்த்தார்கள்.

சீப்பு என்பது அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர். சிக்கு எங்கே தெரிந்தாலும் வாரிவிட வேண்டும் அவளுக்கு. மேசையில் ஒயர்கள் பின்னிக்கொண்டிருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பிரிப்பாள். சலவை இயந்திரங்களுக்குள் ஓடும் இயங்குதளத்தை எழுதும் சின்னக் கம்பெனி அது. அதன் கர்னல் பிரிவில் அவளுக்கு வேலை. இரட்டைப் பிள்ளைகளை வளர்க்க வேலையை விட்டவள், பல வருடம் கழித்து மறுபடி சேர்ந்திருந்தாள். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கர்னல் என்றால் இயங்குதளத்தின் உயிர்ப்பகுதி என்று அவள் எவ்வளவோ விளக்கியும், மாமியார் மட்டும் பக்கத்து வீட்டில் மருமகள் ராணுவத்தில் சேர்ந்துவிட்டதாகவே சொல்லிவைத்திருந்தார்.

அன்று காலையில்தான் சீப்பு தன் முதல் பெரிய காரியத்தை முடித்து அனுப்பியிருந்தாள்.

விஷயம் இதுதான். இயந்திரத்துக்குள் தண்ணீரை அளக்க ஒரு நிரல், மோட்டாரைச் சுற்ற ஒரு நிரல், கதவைப் பூட்ட ஒரு நிரல். மூன்றும் ஒரே இடத்தில் எழுதி, ஒரே இடத்தில் படித்துக்கொள்ளும். அந்த இடத்துக்குப் பகிர்வு நினைவகக் கோப்பு என்று பெயர். பார்வைக்குக் கோப்பு, ஆனால் நினைவகத்தில் மட்டும் இருக்கும், கரண்ட் போனால் அதுவும் போய்விடும். அதை மேய்க்கும் கோடு, அதாவது நிரல் வரிகள், கர்னலுக்குள் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தது. பாதி ஒரு மூலையில், மீதி இன்னொரு மூலையில். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பகுதிகள், ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. பார்த்த நாளிலிருந்து சீப்புக்குத் தூக்கம் இல்லை.

"எல்லாத்தையும் ஒரே இடத்துல அடுக்கிடறேன் சார். புதுசா ஒரு வரிகூட எழுதலை. இடம்தான் மாத்தறேன்," என்று அனுமதி கேட்டிருந்தாள்.

மேனேஜர் முகவாயைத் தடவினார். மேனேஜர் ஆவதற்கு முன் அவரும் கோடு எழுதினவர்தான். அந்தக் காலத்தில் தான் எழுதினால் கீ-போர்டில் புகை வரும் என்று சொல்லிக்கொள்வார். பதவி வந்தபிறகு மீட்டிங்கே கதியென்று ஆகி, கை அரித்துக்கொண்டிருந்தது.

"அடுக்கும்மா, வேண்டாங்கலை. வெள்ளிக்கிழமை மெஷின் வாங்கறவங்க வர்றாங்க, அது ஞாபகம் இருக்கட்டும். எதுக்கும் நானும் ஒரு சின்னப் பாதுகாப்பு போட்டு வைக்கறேன்."

"நாம அனுப்பறதை மெஷின்ல ஏத்தற லேப்காரர் பல் பிடுங்க லீவுல போயிருக்காராமே சார்?"

"அவர் இல்லேன்னா மெஷின் நின்னுடுமா? அனுப்பும்மா, எல்லாம் தானா நடக்கும்."

அனுப்பினாள். திரையில் பச்சை டிக் வந்தது. அடுத்து, கோட்டு மாட்டிக்கொண்டது.

மேனேஜர் அன்றைய வீடியோ மீட்டிங்கில் காவலாளியின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்முனையில் இருந்தவர்கள், "உங்க ஊர்ல அவ்வளவு குளிரா?" என்று விசாரித்தார்கள்.

சீப்பு தன் மேசைக்கு ஓடினாள். அவள் கணினியில் அதே கர்னலைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். கதவு நிரல் பூட்டியது, திறந்தது, பூட்டியது, திறந்தது. சமர்த்தாக இருந்தது.

"என் மேசையில நல்லாத்தானே ஓடுது!" என்றாள்.

"உன் மேசைக்குள்ள கோட்டைப் போட முடியாதே," என்றார் அக்கா.

வரி வரியாகத் தேடினாள். ஓர் இடத்தில் இரண்டு நிரல்கள், கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி, நீங்க முதல்ல போங்க, நீங்க முதல்ல போங்க என்று நின்றுவிட வாய்ப்பு இருப்பதுபோல் தோன்றியது. உண்மையில் இருந்ததா என்றால், இல்லை என்றும் சொல்ல முடியாது. அதைத் திருத்தி அனுப்பினாள்.

"கதவுதானே பிரச்சினை? நானும் ஒரு வரி போட்டேன். ரெண்டு பேர் பார்த்தா நல்லதுதானே?" என்றார் மேனேஜர், பெரிய மனசோடு.

மறுநாள் கதவு திறந்தது. ஒன்று இல்லை, ஆய்வகத்தில் வரிசையாக இருந்த அத்தனை இயந்திரங்களின் கதவுகளும். தண்ணீர் நிறைந்து சுற்றிக்கொண்டிருந்தபோது திறந்தன.

அக்கா கொண்டுவந்து போட்டிருந்த படுக்கை விரிப்புகள் வெள்ளத்தோடு நடைபாதைக்கு வந்தன. மேனேஜர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, "யாரும் சுவிட்சைத் தொடாதீங்க!" என்று நாற்காலிமேல் நின்று கத்தினார்.

"நேத்து திறக்கலைன்னு அழுதோம். அதுக்கும் நிவர்த்தி பண்ணிட்டா," என்றார் அக்கா, விரிப்பைப் பிழிந்தபடி.

"அக்கா, என் மேசையில..."

"தெரியும், உன் மேசையில நல்லா ஓடுது. என் விரிப்பும் நல்லாத்தான் ஓடுது, பாரு."

சீப்பு மறுபடி உட்கார்ந்தாள். அடுக்கும்போது ஏதாவது வரிசை மாறியிருக்குமோ? பழைய கோடு வரிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். மாறவில்லை. ஆனாலும் பயம் வந்தபின் எல்லாமே தப்பாகத் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு ஒவ்வொரு அரைப்புள்ளியும் பேய். எழுதி முடிக்கும்வரை யாரும் படிக்கக் கூடாது என்று ஒரு காவல் போட்டு அனுப்பினாள்.

"நல்ல யோசனை. நானும் சோப்பு பக்கம் கொஞ்சம் பலப்படுத்தியிருக்கேன்," என்றார் மேனேஜர். அவர் முகத்தில் இரண்டு நாளாக ஒரு களை வந்திருந்தது. மீட்டிங்குகளை ரத்து செய்திருந்தார். நடக்கும்போது விரல்கள் காற்றில் தட்டச்சு செய்துகொண்டிருந்தன.

கதவுகள் அதன்பின் ஒழுங்காக இருந்தன. சோப்புதான் நிற்கவில்லை. போட்டாயிற்றா என்று ஒரு நிரல் கேட்க, இல்லை என்று இன்னொன்று சொல்ல, இயந்திரம் இன்னொரு கரண்டி ஊற்றியது. மறுபடி கேட்டது, மறுபடி ஊற்றியது. நுரை கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, ஆய்வகத்தைக் கடந்து, வரவேற்பறை வரைக்கும் வந்து நின்றது. தபால் கொடுக்க வந்தவர் இடுப்பளவு நுரையில் நின்று, "கையெழுத்து யார் போடறீங்க?" என்று கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது சீப்பின் தலைமுடியில் இன்னும் சோப்பு வாசம். சமையலறையில் சொந்த வீட்டு இயந்திரம் வேலை முடிந்து கீச்சென்று கூவியது. அவள் துள்ளிக் குதித்து மேசைமேல் ஏறிவிட்டாள்.

"இறங்கு. அது துண்டு," என்றார் கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு பக்கமும் எழுதிச் சமன் செய்யாமல் விட மாட்டார்.

"எனக்கு வேலை நிலைக்காதுங்க. இவ்வளவு வருஷம் வீட்டுல இருந்தவளுக்கு என்ன தெரியும்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க. நானும் அப்படித்தான் நினைக்க ஆரம்பிச்சுட்டேன்."

அவர் துண்டை உதறுவதை நிறுத்தினார். "உன் மேசையில சரியா ஓடுது?"

"ம்."

"அங்க போனா தப்பா ஓடுது?"

"ம்."

"அப்போ ரெண்டு இடத்துலயும் இருக்கறது ஒண்ணு இல்லை."

"ஒண்ணுதாங்க! நானேதானே அனுப்பறேன்?"

"கணக்கு அப்படித்தான் சொல்லுது."

"கணக்கு சொல்லும். அங்க வந்து நுரை அள்ளிப் பார்க்கச் சொல்லுங்க, உங்க கணக்கை," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

வெளியே மாமியார் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்லைம்மா, அவளுக்கு மனசு சரியில்லை. கர்னலோட ஏதோ தகராறு போல."

கடைசியாக ஒரு திருத்தம் செய்து பார்த்தாள். அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் நாலு தடவை படித்தாள். மேனேஜர் மட்டும் உற்சாகமாக இருந்தார். "இந்தத் தடவை மோட்டாரை நான் பார்த்துக்கறேன், நீ கவலையே படாதே," என்று தட்டிக்கொடுத்தார்.

அன்று மூலை இயந்திரம் பிழிய ஆரம்பித்து, பிழிவதை நிறுத்த மறந்தது. உறுமி, அதிர்ந்து, ஒரு காலைத் தூக்கி, இன்னொரு காலை வைத்து, மெல்ல நடக்கத் தொடங்கியது. குழாயைப் பிய்த்துக்கொண்டு ஆய்வகத்தைக் குறுக்கே கடந்து, மேனேஜரின் அறைவாசலில் போய் முட்டி நின்றது. உள்ளே இருந்த மேனேஜரால் வெளியே வர முடியவில்லை. கதவிடுக்கில் அவர் மூக்கு மட்டும் தெரிந்தது.

"சீப்பம்மா," என்றது மூக்கு. அதட்டவில்லை. கனிவாகச் சொன்னது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நாளைக்கு வாங்கறவங்க வர்றாங்க."

"எல்லாத்தையும் பழையபடி வெச்சுடறேன் சார்," என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

பிரிப்பதைவிடத் திரும்பச் சிக்காக்குவதுதான் கொடுமையாக இருந்தது. அழகாக அடுக்கின ஒவ்வொன்றையும் எடுத்து, பழைய மூலைகளில் பழையபடி திணித்தாள். இரண்டு குடித்தனம் செய்த பகுதிகளை மறுபடி இரண்டு குடித்தனமாகவே வைத்தாள். வாரின தலையைத் தன் கையாலேயே கலைப்பதுபோல் இருந்தது. அனுப்பிவிட்டு, மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்.

"நல்ல பொண்ணு. உன்னோடது போச்சுன்னா என் பாதுகாப்புக்கும் அங்க வேலை இல்லை. நானும் எல்லாத்தையும் எடுத்துடறேன்," என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்ன வருத்தம் வந்து போனதை அவள் கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை வாங்குபவர்கள் வந்தார்கள். இயந்திரங்கள் பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பிள்ளைகள்போல நடந்துகொண்டன. கதவு வேண்டியபோது மூடியது, வேண்டியபோது திறந்தது. சோப்பு ஒரே கரண்டி. மோட்டார் நின்ற இடத்தில் நின்றே சுற்றியது. வந்தவர்கள் கைகுலுக்கி, ஒப்பந்தம் போட்டுவிட்டுப் போனார்கள்.

அக்கா சீப்பைப் பார்த்துப் பெருமூச்சு மட்டும் விட்டார். அதற்கு வார்த்தையே தேவலை.

மதியம் எல்லாரையும் கூட்டி வைத்துச் சீப்பு எழுந்து நின்றாள்.

"நான்தான் காரணம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான். உங்க விரிப்பு, சாரோட கோட்டு, ஆய்வகத் தரை, எல்லாத்துக்கும் மன்னிச்சுடுங்க. நான் தொட்டதும் கெட்டுது, கையை எடுத்ததும் சரியாச்சு. இதுக்குமேல என்ன சாட்சி வேணும்? என்னை நிரந்தரம் பண்றதைப் பத்தி சார் என்ன முடிவு எடுத்தாலும் சரி."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சுருங்கிப்போன நீலக் கோட்டின் கைகள் அவர் முழங்கையோடு நின்றிருந்தன.

"தப்பு பண்ணாத மனுஷன் யாரும்மா? ஒண்ணு மட்டும் கத்துக்கோ. ஓடிட்டிருக்கற மெஷின்ல அவசரப்பட்டுக் கை வைக்கக் கூடாது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடியும். ஆயிரம் தடவை யோசிக்கணும், நாலு பேரைக் கேட்கணும். நான் பக்கத்துலயே இருந்து தாங்கிப் பிடிச்சதால இத்தனையோட போச்சு. இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். சீப்பும் தலையாட்டினாள். என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஆனா நான் மனசுல எதையும் வெச்சுக்கறவன் இல்லை. இன்னும் கொஞ்ச காலம் என் மேற்பார்வையில இரு. அப்புறம் பார்க்கலாம்."

அக்கா கைதட்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் தட்டினார்கள். அந்தச் சமயத்தில்தான் கதவைத் திறந்துகொண்டு லேப்காரர் வந்தார். ஒரு கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. காலையில்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். பேச வலித்ததால் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"எதுக்கு எல்லாரும் கைதட்டறீங்க?"

"சீப்பு மன்னிப்பு கேட்டா, சார் மன்னிச்சுட்டார்," என்றார் அக்கா. "ஒரு வாரமா அவ கோடு மெஷின்ல ஏறி ஆடின ஆட்டம் உங்களுக்குத் தெரியாதே."

லேப்காரர் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, சீப்பை ஒருமுறை, மேனேஜரை ஒருமுறை குழப்பமாகப் பார்த்தார்.

"அவங்க அனுப்பினதெல்லாம் என் வரிசையில இன்னும் அப்படியேதானே நிக்குது? நான் இல்லாதப்போ மெஷின்ல ஏறக்கூடியது சாரோட கோடு மட்டும்தானே!"