கறுப்பு ஒயர்

மூன்றாவது ஃபியூஸ் போட்டபோதுதான் ஆம்ப்ளிஃபயரில் விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை.

லியோனார்ட் மைக்கை வாயருகே வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றான். டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது.

கார் பழைய மோரிஸ் மைனர். ஈப்போவுக்கு வெளியே ஒன்பதாம் கட்டைத் தோட்டத்தில் சாவு, திருவிழா, சினிமா எல்லாவற்றையும் சன்னாசி என்பவர் அந்த மைக்கில்தான் அறிவிப்பார். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட வருடம் அவர் மகனோடு பாகான் டத்தோவுக்குப் போனார். அவர் வீடும் கொட்டகையில் நின்ற காரும் தோட்டப் பள்ளி அறிவியல் ஆசிரியர் லியோனார்டுக்கு வந்தன.

"பேசுனாப் போதும் சார், நல்லா வேலை செய்யும்" என்றுதான் சன்னாசி சாவியைக் கொடுத்தார்.

மனைவி எல்ஸிக்குக் காரில் பாட்டுக் கேட்க ஆசை. பிறகு பார்க்கலாம் என்றான் லியோனார்ட். எட்டு மாதத்துக்கு முன் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். இப்போது பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்ஸி, இது வேலை செய்யல" என்றான் மைக்கில். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீலச் சட்டையில பித்தான் போச்சு. காளியம்மா குடுக்குற சம்பல்ல ஒரே உப்பு."

தூரத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கோடியில், யாரோ 'உப்பு' என்று சொன்னதுபோல் இருந்தது.

சுண்ணாம்பு மலையின் எதிரொலி என்று நினைத்துக்கொண்டான். கண்ணாடி ஏற்றிய காருக்குள் மெல்லப் பேசினால் எந்த மலையும் திருப்பிச் சொல்லாது. அதை ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவனே அவன்தான்.

மறுநாள் கோடி வீட்டுக் காளியம்மா கொண்டுவந்த மிளகாய்ச் சம்பலில் உப்பே இல்லை.

"அக்கா, சம்பல்ல உப்பு..."

"ஐயோ, இன்னிக்கும் கூடிப்போச்சா சார்?"

"இல்ல. உப்பே இல்ல."

"அப்பச் சரிலா" என்று நிற்காமல் போய்விட்டாள்.

அவளிடம் அவன் உப்பைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

மாலையில் கொடியிலிருந்து நீலச் சட்டையை எடுத்தான். பித்தான் தைக்கப்பட்டிருந்தது. கோணலாக. எல்ஸி தைத்தாலும் கோணல்தான்.

மறுபடி ஆம்ப்ளிஃபயரைத் திறந்தான். பின்னாலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கிளம்பி, காரின் அடித்தட்டு ஓட்டை வழியாக இறங்கி, மண்ணுக்குள் ஒரு ரப்பர் குழாயில் நுழைந்தது. எர்த் ஒயர் என்று முடிவு கட்டினான். துருவைச் சுரண்டி இறுக்கினான்.

மைக்கில் பேசிப் பார்த்தான். ஸ்பீக்கரில் மாற்றமில்லை. தூரத்துக் குரல் மட்டும் இப்போது முழு வாக்கியமாகக் கேட்டது.

மறுநாள் விடிந்ததும் குரல் வந்த திசையில் நடந்தான். பொது மண்டபம் பூட்டிக் கிடந்தது. வாசலில் புதிதாக உரித்த கடலைத் தோல். கூரையில் துருப்பிடித்த தகரக் கூம்புக்குள்ளிருந்து மைனா ஒன்று கூட்டைக் காலி செய்துகொண்டிருந்தது.

அந்த வாரத்திலிருந்து ஆறரை மணியானால் லயம் அடங்கிப்போனது. தொலைக்காட்சிச் சத்தமில்லை. உறுமி மேளம் பழகும் பையன்கள் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.  ஆனாலும் லியோனார்ட் போய்க் காரில் உட்கார்ந்தான். எல்ஸிதான் கேட்கிறாள், பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறாள். ஸ்பீக்கர் மட்டும் சரியாகிவிட்டால் போதும்.

பெரிய கண்டன்சர் ஒன்றை வாங்கி மாட்டினான். ஸ்பீக்கர் அசையவில்லை. செம்பனைத் தோப்பிலிருந்து வௌவால்கள் கூட்டமாகக் கிளம்பின.

"தாப்பா பஸ் ஸ்டாண்ட்ல புளிப்பா அசாம் தூள் போட்ட கொய்யாக்காய் கேட்ட" என்றான் அன்று. "பஸ் போயிரும்னு சொன்னேன். பஸ் இருபது நிமிஷம் கழிச்சுத்தான் எடுத்தான். நீ ஒண்ணும் சொல்லல."

இரண்டு நாள் கழித்து, காரின் இடப்பக்க இருக்கையில், எல்ஸியின் இடத்தில், ஒரு பொட்டலம் இருந்தது. கொய்யாக்காய், அசாம் தூள். உறையில் தாப்பா கடையின் முத்திரை.

அவர்கள் இருவரைத் தவிர அதை அறிந்தவர் எவருமில்லை.

சனிக்கிழமை ஈப்போவிலிருந்து ரேடியோ ரிப்பேர் செய்யும் பத்துமலையைக் கூட்டிவந்தான்.

"என்னா மச்சான், இது ஒன்னவிட மூத்ததா இருக்கும்போல. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குலா."

"இதான் வேணும்."

"இதுல என்னா வரணும்? பாட்டா, நியூஸா?"

"ஆளு."

பத்துமலை அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து வேலையைப் பார்த்தான்.

"இந்தக் கறுப்பு ஒயர் என்னா?"

"எர்த்து."

"நீ வாத்தியாரு, நீ சொன்னாச் சரி. ஆனா சத்தத்த எல்லாம் இதுதான் குடிக்குது."

வெட்டினான். வெட்டிய நுனியை டாஷ்போர்டு ஸ்பீக்கரோடு முறுக்கினான். உள்ளே 'கொர்' என்று உயிர் வந்தது.

"முடிஞ்சுச்சு. இனி ஆளு வந்தா ஒன் பாடு" என்று சொல்லிவிட்டுப் பத்துமலை பஸ்ஸுக்கு ஓடினான்.

ஆறரை. லயம் அடங்கியது. லியோனார்ட் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மைக்கை எடுத்தான்.

"எல்ஸி."

'எல்ஸி' என்றது ஸ்பீக்கர். அவன் குரலில்.

"சொல்லு."

'சொல்லு.'

வேறு குரல் வரவில்லை. தூரத்துக் குரலும் வரவில்லை. அவன் காத்திருந்தான். விளக்கு எரிந்தது. எல்லாம் சரியாக வேலை செய்தது. அடக்கத்தன்று வராத அழுகை இப்போது வந்தது. ஸ்பீக்கரிலும் வந்தது, அணைக்கத் தோன்றவில்லை.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

இடப்பக்கக் கண்ணாடி. மங்கலில் ஒரு பெண்ணின் உருவம். மூன்று விரல்கள் மறுபடி மெல்லத் தட்டின. லியோனார்ட் கைப்பிடியைச் சுற்றினான். கண்ணாடி இறங்கியது.

காளியம்மா நின்றாள். கையில் பாதி தின்ற கடலைப் பொட்டலம்.

"என்னா சார், ஆறே முக்கால் ஆயிருச்சு, லயத்துச் சனமெல்லாம் டிவிய அடைச்சுட்டு மண்டபத்து ஸ்பீக்கருக்குக் கீழ உக்காந்திருக்கோம், இன்னிக்கு எல்ஸியக்காகிட்ட ஒண்ணும் பேசலையா?"