அரை டிக்கெட்டு கப்பல் ஏறினார்

விருத்தாசலம் வட்டாரத்தில் முப்பது வயதைத் தாண்டிய எவரும், சின்ன வயதில் ஒரு முறையாவது அவர் முன்னால் நின்று காதைத் தொட்டுக் காட்டியிருப்பார்கள். ஓடுகிற பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தலைக்கு மேலே வளைத்து.

என் கணவரின் தாய்மாமன் அவர். முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் 'அரை டிக்கெட்டு'. அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறும்போது பயண அட்டையைப் பார்த்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டும் எங்களில் யாரும் அசையவில்லை. அவரும் அசையவில்லை. யாரோ பாவம் தொலைந்துபோய்விட்டார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் வருத்தப்பட்டார்.

பிள்ளைகளின் வயதைக் குறைத்துச் சொல்லும் பெற்றோர்தான் அவருடைய நிரந்தர எதிரிகள். அதற்கு அவர் வைத்திருந்த சோதனைகள் பல. வலது கை தலையைச் சுற்றிப் போய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்தது, அரை டிக்கெட் எடுக்க வேண்டும். பன்னிரண்டுக்கு மேலே இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் காது உதவாது. அப்போது குரலில் தேனைத் தடவிக்கொள்வார். "தம்பிக்கு எந்தப் பாடம்டா கஷ்டமா இருக்குது?" சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஒரு அம்மா, "எம்புள்ளைக்குப் பத்துதாங்க ஆவுது" என்று சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே, மடியில் உட்கார்ந்திருந்த பையன் "கெமிஸ்ட்ரி" என்றானாம்.

"ஏன் மாமா, போனால் போகுதுன்னு விடக்கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வயசுன்றது அந்தப் புள்ள சம்பாரிச்சதும்மா. அதக் கொறைக்கறதுக்கு இவங்க யாரு?" என்றார். அப்போது என் வயதையும் கேட்டுவிடுவாரோ என்று பயந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

அவர் எங்களோடு கப்பலுக்கு வந்தது தற்செயல். கணவருக்கு ஊரில், கரண்டு பெட்டியில் மாட்டுகிற பீங்கான் ஃப்யூஸ் கேரியர் செய்கிற சின்ன யூனிட் இருக்கிறது. முழுப் பரீட்சை லீவில் இரண்டு பெண்களையும் மூன்று நாள் கப்பல் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போவதாக ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்புகிற வாரம் பெரிய ஆர்டர் வந்தது. "சூளையில சரக்கு ஏத்தியாச்சு செல்வி. விட்டுட்டு வர முடியாது" என்றார். அவருக்கு மனைவி இரண்டு பேர், அதில் நான் இளையவள், மூத்தவள் அந்தச் சூளை என்பது எனக்குக் கல்யாணமான மறு வாரமே தெரியும். டிக்கெட்டில் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். மாமா மாற்றாளாக வந்தார்.

என் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியவள் யாழினிக்கு எட்டு வயது. ஆளைப் பார்த்தால் ஐந்து என்பார்கள். சின்னவள் மதிக்கு ஆறு முடிந்து பதினோரு மாதம். அவளைப் பார்த்தால் ஒன்பது என்பார்கள். யாழினி வீட்டுக்குள் ஓயாமல் பேசுவாள். வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடமாக டீச்சர் அவள் குரலைக் கேட்டதில்லை. மதிதான் இன்டர்வெலில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஓடிப்போய், "மிஸ், எங்கக்காவுக்கு பாத்ரூம் போவணுமாம்" என்று சொல்லுவாள். கடலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். வற்புறுத்தாதீர்கள், காத்திருங்கள் என்றார். காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர் சொல்லவில்லை.

கப்பலில் பிள்ளைகளுக்கென்று ஒரு கிளப் இருந்தது. மூன்று முதல் ஆறு வயது வரை மீன்குஞ்சுகள். ஏழு முதல் பத்து வரை டால்பின்கள். அதற்கு மேல் சுறாக்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அறை. கிளம்புவதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். மதிக்கு ஏழு என்று சொல்லிவிட்டால் இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பார்கள். பெரியவளுக்கு வாய் இருக்கும், எனக்கு நிம்மதி இருக்கும்.

கிளப்பில் பெயர் எழுதியவள் ரோசி என்கிற புதுச்சேரிப் பெண்.

"பெரியவளுக்கு எட்டு, சின்னவளுக்கு ஏழு" என்றேன்.

ரோசி பேனாவை மதியின் பக்கம் நீட்டி, "இவங்களுக்கு எட்டா?" என்றாள்.

"இல்லைங்க, இவ சின்னவ. அவதான் பெரியவ."

ரோசி யாழினியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. சரி என்று எழுதப் போனாள். என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் வந்தது.

"ஆறு."

திரும்பினேன். மாமா கண்களை மூடிக்கொண்டு நின்றார். பொய் கேட்டால் அவருக்கு அப்படித்தான் ஆகும்.

"சின்னவளுக்கு ஆறு வயசு பதினோரு மாசம். ஏழு ஆவல."

"ஒரு மாசந்தான மாமா."

"ஒரு நாளா இருந்தாலும் ஆறு ஆறுதாம்மா."

"நீங்க ரிட்டையர் ஆயிட்டிங்க."

"நான் ஆயிட்டேன். புள்ளைக்கு வயசு ஆவலையே."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து இரண்டு ஆதார் ஜெராக்ஸை எடுத்து ரோசியிடம் நீட்டினார். கிளம்பும்போதே எங்கள் வீட்டுப் பீரோவிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். பிறந்த தேதியின் கீழே பேனாவால் கோடு வேறு.

யாழினி டால்பின் அறைக்குள் போனாள். போன வேகத்தில் ஒரு மேசைக்கு அடியில் நுழைந்துகொண்டாள். எதிர் அறையில் மதி அரை மணி நேரத்தில் மீன்குஞ்சுகளை வரிசையில் நிற்க வைத்து அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று வயதுப் பிள்ளைகள் அவளை மிஸ் என்று கூப்பிட்டன.

மாமா கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா. உள்ளே போகிற ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்திக் காதைத் தொடச் சொன்னார். பெற்றவர்கள் முறைத்தார்கள். அரை டிரவுசர் போட்ட ஒரு சேட்டு, தன் காதைத் தொட வேண்டுமாக்கும் என்று நினைத்துத் தானே தொட்டுக் காட்டினார். ரோசி முதலில் கோபப்பட்டாள். சாயங்காலத்துக்குள் அவளே எட்டிப் பார்த்து, "அங்கிள், இந்தப் பையன் அஞ்சுன்றாங்க, பாருங்களேன்" என்று கேட்க ஆரம்பித்தாள். காதோடு எந்த வகுப்பு என்றும் மாமா விசாரித்ததில், அன்று இரண்டு மீன்குஞ்சுகள் டால்பின்களாகப் பதவி உயர்வு பெற்றன. சுறாக்களில் ஒருவனுக்கு மீசை இருப்பதைக் கண்டுபிடித்து வெளியே அனுப்பினார்.

ராத்திரி சாப்பாட்டில் நான் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இருபது வகை இனிப்பு இருந்தது. அவர் தட்டில் தயிர்சாதம் மட்டும் இருந்தது.

"புள்ள ரெண்டு மணி நேரம் மேசைக்கு அடியிலயே இருந்துச்சும்மா" என்றார். "நான் கண்ணாடியில கை ஆட்டினேன். அதுவும் ஆட்டுச்சு."

"எல்லாம் நீங்க பண்ண வேலைதான் மாமா."

அவர் தயிர்சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் மதிக்கு நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, மாமா யாழினியைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். மதியோடு நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ரோசியின் மேசை முன்னால் நின்றார். நெற்றியில் வியர்வை.

"பாப்பா, நேத்து ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார். "இந்தப் புள்ளைக்கும் ஆறுதான். தங்கச்சி இருக்கற ரூம்புல போட்டுடு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். முப்பது வருடத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷர், இரண்டு வருடத்தைத் தூக்கிக் கொடுக்கிறார்.

"அங்கிள், ஜெராக்ஸ் நீங்கதான குடுத்தீங்க?"

"அந்த ஜெராக்ஸ் மிஷினு ரிப்பேருமா."

"ரிப்பேரா இருந்தா வயசு மாறுமா?"

அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அடுத்தது என்ன சொல்வதென்று தெரியாமல் தனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்குப் போனார். "வேணும்னா காதத் தொடச் சொல்லிப் பாரு" என்றார். குனிந்து யாழினியிடம் அவர் கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. "விரல மடக்கிக்க கண்ணு. எட்டாத மாதிரி பண்ணு."

யாழினி அவர் முகத்தைப் பார்த்தாள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனாள். இடது காதை முழுசாகப் பிடித்தாள். பிடித்தபடியே ரோசியைப் பார்த்து, "எனக்கு எட்டு வயசு" என்றாள்.

சின்னக் குரல்தான். ஆனால் தெளிவாக இருந்தது.

ரோசிக்கு நடந்தது என்னவென்று தெரியாது. "அப்ப டால்பின் ரூமுதாம்மா" என்றாள்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு யாழினி உள்ளே போனாள்.

மாமா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதிதான் முதலில் பேசினாள். "அம்மா, அவளே பேசிட்டா. இனிமே நான் என்னா பண்றது?"

அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் மாமா கண்ணை மூடிக்கொள்வார். மாறவில்லை. ஆனால் யாழினி மேசைக்கு அடியில் போகாமல் மேசை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண்ணிடம் "பச்சை கலர் குடு" என்றாள். ஜூஸ் வந்தபோது "வேணாம்" என்றாள். திறந்திருந்த கதவு வழியாகக் கேட்ட ஒவ்வொன்றுக்கும் மாமா எழுந்து ஓடிவந்து, மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்த என்னிடம் தகவல் சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினார். மூன்றாவது ஓட்டத்துக்குப் பிறகு நானும் காற்றை விட்டுவிட்டுக் கீழே போய் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்டி பேசின?" என்று அவளிடம் கேட்டேன்.

"தாத்தாவுக்குப் பொய் சொல்லவே தெரியலம்மா. அந்த மிஸ்ஸு திட்டிடுவாங்க, பாவம்" என்றாள்.

ஊர் திரும்பியதும் கணவர் சூளையிலிருந்து வந்தார். "கடலு எப்படி மாமா இருந்துச்சு?" என்று கேட்டார். "அதுக்கென்னப்பா, ஜோரா இருந்துச்சு" என்றார் மாமா.

பிறகு நான் காபி ஆற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு மெல்ல வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "யம்மா, நடுக்கடலு என்னா கலருல இருந்துச்சு? தெருவுல கேப்பாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல."

"நீலந்தான் மாமா. அப்படியே சொல்லிடுங்க" என்றேன்.

எனக்கும் உறுதியாகத் தெரியாது. மேல்தளத்தில் இருந்தவரைக்கும் அவர் ஓடிவரும் படிக்கட்டையே பார்த்தேன். பிறகு நானும் அந்தக் கண்ணாடிப் பக்கத்தில்தான், அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.