பெட்டிக்குள் போன மாப்பிள்ளை

“இதுக்குள்ள வெச்சா சிக்னல் சுத்தமா போகாதுன்னு எப்படி நம்புறது?” என்று கேட்டார் லென்ஸ்காரர்.

பை விற்கும் கடைக்காரர் கோபப்படவில்லை. “வாங்க, மேல தெருவுக்குப் போய்ப் பார்த்துடுவோம்,” என்று அவரை அழைத்துக்கொண்டு கீழ்த்தளத்திலிருந்து பதினெட்டுப் படி ஏறினார். தெருவில் நின்று லென்ஸ்காரரின் ஃபோனை அந்தச் சாம்பல் நிறப் பைக்குள் போட்டு, வாயை இரண்டு மடிப்பாக மடித்து மூடினார். தன் ஃபோனிலிருந்து கூப்பிட்டார். நீங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. லென்ஸ்காரருக்கு அந்தக் குரல் தேனாக இனித்தது.

“யாருக்குத் தெரியக் கூடாது சார்? வீட்டம்மாவுக்கா?”

“மாமனாருக்கு,” என்றார் லென்ஸ்காரர்.

அவர் மாமனார் ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். சுவர் நிறைய விளக்குகள், ஒவ்வொரு விளக்கும் ஒரு ரயில், எது எங்கே நிற்கிறது என்று கண் கொட்டாமல் பார்ப்பதுதான் வேலை. ஓய்வு பெற்று மகள் வீட்டோடு வந்தவருக்கு ரயில் இல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை. அதனால் வீட்டிலுள்ள எல்லோருடைய ஃபோனையும் ஒரே வரைபடத்தில் இணைத்துக்கொண்டார். மகள் சிவப்புப் புள்ளி, பேத்தி மஞ்சள், மாப்பிள்ளை நீலம். சாப்பாட்டு மேஜையில் தினமும் அறிக்கை வாசிப்பார். மாப்பிள்ளை வழக்கமான பாதையை விட்டு நாலு நிமிடம் விலகினால் உடனே ஃபோன் வரும். ஃபோனை அணைத்து வைத்தாலோ கேட்கவே வேண்டாம். ஒருமுறை பேட்டரி தீர்ந்துபோனதற்கு இரண்டு காவல் நிலையங்களில் விசாரித்துவிட்டார். புள்ளி பலகையில் இருந்தால் மட்டும் நிம்மதியாக இருப்பார். நிற்கிற ரயில் பத்திரமான ரயில் என்பது அவர் கொள்கை.

இப்படிப்பட்டவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு லென்ஸ்காரர் போக நினைத்த இடம், நீச்சல் குளம்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் இழைப்பவர் அவர். கையில் ஒரு மயிரிழை பிசகாது. வாயில்தான் அளவே கிடையாது. கல்யாணத்துக்கு முன்பு மனைவியிடம், ஆற்றை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்தியவன் என்று அளந்துவிட்டிருந்தார். மகள் பிறந்து வளர்ந்து கேட்டபோது அந்த ஆறு இன்னும் கொஞ்சம் அகலமாகிவிட்டது. உண்மையில் அவருக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் உதறல் எடுக்கும்.

பதினோரு வயது மகள், பள்ளியில் நடக்கும் பெற்றோர் தொடர் நீச்சலுக்கு அப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, “கடைசி ஆளு நீதாம்ப்பா. ஜெயிச்சு குடுக்குற ஆளைத்தான் கடைசியா போடுவாங்க,” என்றாள். போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. அவள் கண்ணில் தெரிந்த பெருமையைப் பார்த்த பிறகு, எனக்கு நீந்தத் தெரியாது என்ற மூன்று வார்த்தை அவர் தொண்டையை விட்டு வரவில்லை.

மறுநாளே மாலை வகுப்பில் சேர்ந்தார். ஐந்து முதல் ஆறு. கடை மூடுவது நாலரைக்கு. பேருந்தை விட்டு இறங்கியதும் ஃபோனைப் பைக்குள் போட்டு மூடிவிடுவார். நீலப் புள்ளி கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே நின்றுவிடும். அவர் நிம்மதியாகப் போய், ஆழமில்லாத பக்கத்தில் ஆறு வயதுக் குழந்தைகளோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தார்.

நாலு நாள் கழித்துச் சாப்பாட்டில் உப்பே இல்லை. அவர் தோள்பையை மகள் வாங்கிக்கொண்டு போய் வைத்தாள். மாமனார் அறிக்கை வாசிக்கவில்லை. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. சேர்ந்து பார்த்துக்கலாம்.”

அப்போதுதான் லென்ஸ்காரருக்கு உறைத்தது. அவர் இறங்கும் பேருந்து நிறுத்தம் இதய மருத்துவமனையின் வாசலில் இருந்தது. நாலு நாளாக நீலப் புள்ளி தினம் ஒரு மணி நேரம் அங்கே நின்றிருக்கிறது.

இல்லை என்று சொன்னால், பின்னே எங்கே என்று கேட்பார்கள். “சும்மா ஒரு செக்கப்,” என்று சொல்லிவைத்தார். மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, “நீ நீந்த வேணாம்ப்பா. நான் வேற யாரோட அப்பாவையாவது கேட்டுக்கிறேன்,” என்றாள்.

தப்பிக்க இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. தலையை ஆட்டினால் போதும். ஆனால் வேற யாரோட அப்பாவையாவது என்ற இடத்தில் அவள் குரல் கம்மியதை அவரால் தாங்க முடியவில்லை. டாக்டரே நீந்தத்தான் சொல்லியிருக்கிறார் என்று அடுத்த புளுகையும் அவிழ்த்துவிட்டார்.

பலனாக மறுநாள் மனைவி ஒரு கடிகாரம் வாங்கி வந்து அவர் கையில் கட்டினாள். அது நேரம் காட்டும், நாடித்துடிப்பை எண்ணும், எண்ணியதை ஃபோன் துணை இல்லாமலே உடனுக்குடன் மாமனாருக்கு அனுப்பும்.

இனி மருத்துவமனை வாசலே வேண்டாம் என்று லென்ஸ்காரர் முடிவு செய்தார். கடையை விட்டுக் கிளம்பும் முன்பே ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கடிகாரத்தை மறந்துவிட்டார். அது தண்ணீரில் நனைந்தாலும் கெடாத உயர்ந்த ரகம். அன்றைக்குத்தான் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் அம்மா அவரை முதல்முறையாக ஆழமான பக்கத்துக்கு அழைத்துப் போயிருந்தார்.

வரைபடத்தில் மாப்பிள்ளை கடையில் அசையாமல் இருக்கிறார், நாடித்துடிப்பு நூற்று ஐம்பத்திரண்டு. மாமனார் பதினான்கு முறை ஃபோன் செய்தார். பிறகு ஆம்புலன்ஸை வரவழைத்தார். பூட்டிய கடை முன்னால் கூட்டம் கூடியது. முதலாளி வீட்டிலிருந்து லுங்கியோடு ஓடி வந்து ஷட்டரைத் தூக்கினார். உள்ளே ஒரு ஈ காக்கை கூட இல்லை.

தலை ஈரத்தோடு வீட்டுக்கு வந்த லென்ஸ்காரர், உடம்புக்கு நல்லது என்று வேகமாக நடந்து வந்ததாகவும், இது வியர்வை என்றும், ஃபோன் அடிக்கடி படுத்துக்கொள்கிறது என்றும் சொன்னார். இன்னொரு தடவை கடை வாசலில் ஆம்புலன்ஸ் நின்றால் அப்புறம் வேறு கடையில்தான் லென்ஸ் இழைக்க வேண்டியிருக்கும் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார்.

மாமனார் அவரைத் திட்டவில்லை. சோபாவில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தார். அந்த முகம் ஒரே மாலையில் பத்து வயது கூடியிருந்ததை லென்ஸ்காரர் கவனிக்காமல் இல்லை. குற்ற உணர்ச்சி குத்தத்தான் செய்தது. மறுநாள் காலை பார்த்தால் சாவிக்கொத்தில் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை தொங்கியது. அதுவும் இருக்குமிடத்தைச் சொல்லும் சாதனம்தான். குடைக் காம்பிலும் ஒன்று இருந்தது. குற்ற உணர்ச்சி உடனே பறந்துவிட்டது.

ஃபோன், கடிகாரம், சாவி, குடை. பழைய பையில் ஃபோனுக்கே இடம் சரியாக இருந்தது. லென்ஸ்காரர் மதிய இடைவேளையில் மறுபடியும் அந்தப் பதினெட்டுப் படியை இறங்கினார்.

கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, வேண்டியதை எடுத்துப் பார்க்கும்படி கையைக் காட்டினார். லென்ஸ்காரர் தன் தொழில் புத்தியோடு ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். துணிப் பைகள் நம்பிக்கை தரவில்லை. சிக்னல் என்பது தையல் ஓட்டை வழியாக நழுவிவிடும் என்று பட்டது. மேல்தட்டில் கறுப்பாக, கனமாக, நாலு பூட்டும் விளிம்பு முழுக்க ரப்பரும் போட்டு ஒரு பெட்டி இருந்தது. மூடினால் காற்றுகூட நுழையாது. காற்றே நுழையாத இடத்தில் சிக்னல் எப்படி நுழையும்?

இருந்தாலும் அவர் ஏமாளி இல்லை. ஃபோனை உள்ளே வைத்து நாலு பூட்டையும் போட்டுவிட்டு, கல்லாவிலிருந்த தரைவழித் தொலைபேசியில் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது அதே குரல். பெட்டிக்குள் அடங்கும் மடக்குக் குடை ஒன்றும் சேர்த்து வாங்கி, வில்லையை அதற்கு மாற்றிக்கொண்டார்.

அந்தப் பெட்டி அவர் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. கடையிலேயே எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போவார். ஆறு மணிக்குத் திறந்து பார்த்தால் மாமனாரிடமிருந்து ஒரு அழைப்புகூட வந்திருக்காது. சாப்பாட்டு மேஜையில், “மாப்பிள்ளை கடையை விட்டு நகரவே இல்ல. அப்புறம் நேரா வீடு,” என்று மாமனார் வாசிப்பார். கொடுத்த விலைக்குப் பெட்டி உழைக்கிறது என்று லென்ஸ்காரர் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார்.

அதோடு அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் மனைவி மூக்கைச் சுளித்து, என்ன இது பிளீச்சிங் பவுடர் வாசனை என்று அவர் பக்கம் திரும்பியபோது, மாமனார் தான் குளியலறை கழுவியதாகச் சொன்னார். அந்த வீட்டில் அவர் ஒரு டம்ளரைக்கூடக் கழுவியது கிடையாது. இன்னொரு நாள் அலமாரியில் காதுக்கு விடும் சொட்டு மருந்து இருந்தது. யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் புகுந்து அடைத்துக்கொண்டிருந்த காதில் லென்ஸ்காரர் நாலு சொட்டுத் திருட்டுத்தனமாக விட்டுக்கொண்டார். பூட்டிய பெட்டியில் என்ன என்று மகள் கேட்டபோதும் மாமனாரே முந்திக்கொண்டு, “லென்ஸா இருக்கும். தொட்டா கைரேகை படும்,” என்றார். ஒரு கட்டுப்பாட்டு அதிகாரியையே இப்படி ஏமாற்றுகிறோமே என்று லென்ஸ்காரருக்குப் பாவமாக இருந்தது.

போட்டி நாளும் வந்தது. கடைசி ஆளாக மேடையில் ஏறி நின்றார். குதிக்கவில்லை, ஏறக்குறைய விழுந்தார். தண்ணீர் மூக்கிலும் வாயிலும் புகுந்தது. அவர் பாதி தூரம் வந்தபோதே பக்கத்து ஆட்கள் எல்லாம் கரையேறிவிட்டார்கள். திரும்பிவிடலாமா என்று தலையைத் தூக்கியபோது, எதிர்க்கரையில் மாமனார் ஒரு பச்சைத் துண்டை உயர்த்திப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். வாழ்நாள் பழக்கம் எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டே லென்ஸ்காரர் பச்சையைப் பார்த்து உதைத்தார். நின்றார், இருமினார், மறுபடி உதைத்தார். கை சுவரைத் தொட்டது.

கடைசி இடம். ஆனால் மகள் ஓடி வந்து, ஈரம் என்றும் பாராமல் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “நீ ஆத்தை நீந்தினதெல்லாம் பொய்னு இப்ப தெரிஞ்சு போச்சுப்பா,” என்று காதில் சொன்னாள். “ஆனா எனக்காகக் கத்துக்கிட்ட இல்ல?”

லென்ஸ்காரரின் கண்ணில் தண்ணீர் வந்தது. நல்லவேளை, முகம் முழுக்கத் தண்ணீர்தான். மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றிரவு அவர் வீட்டில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், குளம், மருத்துவமனை, நாடித்துடிப்பு எல்லாம். பெட்டியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மாமனாரைத் தோற்கடித்ததாகச் சொல்லி அவர் மனதை நோகடிக்க வேண்டாம் என்ற பெருந்தன்மைதான் காரணம். மாமனாரும் எதுவும் கேட்காமல் உப்புப் போட்ட சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை லென்ஸ்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுப் படி இறங்கினார். இனி இது தேவையில்லை, பாதி விலைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள், இதைப் போல சிக்னலை அடக்கும் பெட்டி உலகத்திலேயே கிடையாது, எட்டு நாளாக என் மாமனாருக்கு நான் குளத்தில் இருந்ததே தெரியாது என்று கடைக்காரரிடம் புகழ்ந்து தள்ளினார்.

கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். லென்ஸ்காரரைப் பார்த்தார். அதை எங்கே வைத்துச் சோதித்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். இங்கேதான், இதே கல்லா முன்னால்தான் என்றார் லென்ஸ்காரர்.

“இந்தக் கீழ்த்தளத்துல கையில வெச்சிருந்தாலே ஃபோன் எடுக்காது சார், அதனாலதான் அன்னிக்கு உங்களை மேல கூட்டிட்டுப் போனேன். இது தண்ணி புகாம கேமரா வெக்கிற பெட்டி, சிக்னல் தாராளமா போகும். எட்டு நாளும் உங்க மாமனார் நீங்க குளத்துல இருக்கிறதைப் பார்த்துக்கிட்டேதான் இருந்திருக்காரு.”