தவிடு தின்ற கல்யாணக் கோழிகள்

நுவேவா எசிஹா,
மே 9

பெருமதிப்பிற்குரிய மச்சான் கிரிசாந்தோ அவர்களுக்கு,

தங்கை கணவன் எலியூத்தேரியோ வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் குடும்பமும் கொழுத்துச் செழிக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே எதுவும் கொழுக்கவில்லை.

மகள் ரோவேனாவின் கல்யாண விருந்தில் பன்றிக்கு மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு, கோழிக்கு நாம் பொறுப்பு என்று பேசி, அறுபது பிராய்லர் குஞ்சு இறக்கியது தங்களுக்குத் தெரியும். தீவன மூட்டை விலையைக் கேட்டு நான் தலையில் கை வைத்தபோது, "அட மாப்ளே, நெல்லு விளையுற ஊர்ல இருந்துக்கிட்டு கடைத் தீவனத்தையே கட்டி அழுவாங்களா? மில்லுல தவிடு வாங்கிக் கலந்து போடு" என்று மீன் முள்ளைத் துப்பிக்கொண்டே சொன்னவர் தாங்கள்தான். கலந்தேன். தின்றன, தண்ணீராய்க் கழிந்தன, மறுபடி தின்றன. பசி போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் தவிட்டைக் கொட்டினேன். இரண்டு கிலோ நிற்க வேண்டியவை முக்கால் கிலோவில் நின்றுவிட்டன. கல்யாணத்தன்று அறுபதையும் வெட்டி அடோபோக் குழம்பு வைத்தும், கடைசிப் பந்திக்குக் கறியில்லாத வெறும் குழம்புதான் போயிற்று. மாப்பிள்ளையின் அத்தை பசென்சியா ஒரு தொடையைத் தூக்கிப் பிடித்து, "ஏம்மா ரோவேனா, உங்கப்பா இதை வளர்த்தாரா, கவண்ல அடிச்சாரா?" என்று சபைக்கே கேட்கும்படி கேட்டாள். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தான். அதைத்தான் என் மகளால் தாங்க முடியவில்லை. கல்யாண உடையோடு சமையல் கொட்டகைக்கு வந்து, "ஒரே ஒரு நாள் என் மானத்தைக் காப்பாத்த முடியலையாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான். மூன்று வாரமாகிறது, ஒரு போன் இல்லை. மச்சான், இனி என் வாசப்படியை மிதிக்காதீங்க. மிதிச்சாலும் வாயத் திறக்காதீங்க.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தங்களுக்கு ஒன்றும் இல்லை.

எலியூத்தேரியோ

பின்குறிப்பு: தபாலில் போடாமல் இரண்டு நாள் வைத்திருந்ததை உங்கள் தங்கை லுதோவினா எடுத்துப் படித்துவிட்டாள். "அண்ணன் நாலு பங்கு தீவனத்துக்கு ஒரு பங்கு தவிடுன்னாரு. அதுவும் உமி கலக்காததா பாத்து, குஞ்சு கொஞ்சம் வளர்ந்தப்புறம்னாரு. நீங்க நாலு பங்கு தவிட்டுக்கு ஒரு பங்கு தீவனம் போட்டீங்க. நான் சொன்னப்ப, உனக்கென்னடி தெரியும்னீங்க" என்கிறாள். அப்படியும் இருக்கலாம். ஆனால் எல்லாம் மாமா சொன்ன யோசனைதான் என்று ரோவேனாவுக்கு ஏற்கெனவே செய்தி அனுப்பியிருந்தேன். இன்று காலை கூப்பிட்டாள். "பாவம்ப்பா நீங்க" என்றாள். அதனால் மச்சான், தயவுசெய்து தப்பு உங்களுடையதாகவே இருக்கட்டும்.