முகக்கவசத்துக்காக நான் வாதாடிய நாள்

வாயால் சொன்னால் போதாது, கண்ணால் காட்டவேண்டும் என்று நினைக்கிற ஆசிரியர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. நானும் அந்த இனத்தைச் சேர்ந்தவன். விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தேசிக்காயில் மின்சாரம் எடுத்துக் காட்டுகிறேன் என்று ஒரு வகுப்பையே முற்றத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். (மின்குமிழ் எரியவில்லை. தேசிக்காய்களைப் பிள்ளைகள் உப்புத் தொட்டுச் சாப்பிட்டார்கள்.) ஆனால் நான் சொல்லப்போவது தேசிக்காய்க் கதையல்ல. அதைவிட மோசமானது.

என் ஊர் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் இருக்கிற புளியங்கூடல். எனக்கு முதல் நியமனம் கிடைத்தது கரம்பொன் பக்கம் கடலோரத்தில் இருந்த ஒரு கத்தோலிக்கப் பாடசாலையில். கொரோனாக் காலம் அது. நான் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து முகக்கவசத்தோடுதான் படிப்பித்தேன். பிள்ளைகள் என் கண்களையும் நெற்றியையும் மட்டுமே அறிவார்கள். அந்தத் துணிக்குப் பின்னால் நான் ஓர் அருமையான மீசை வளர்த்திருந்தேன். அதைப் பார்க்க ஊரில் ஒருவருக்கும் கொடுத்துவைக்கவில்லை என்பது எனக்கிருந்த தனிப்பட்ட கவலை.

பிறகு ஒருநாள், முகக்கவசம் இனிக் கட்டாயமில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. எங்கள் பாடசாலையில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிட்டது. பிள்ளைகள் விரும்பினால் போடட்டும், விரும்பாவிட்டால் விடட்டும் என்றது ஒரு கட்சி. கொஞ்ச நாளைக்காவது எல்லோரும் போடத்தான் வேண்டும் என்றது மற்றக் கட்சி. பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள் கோயில் வாசலிலேயே இதைப் பற்றி வாக்குவாதப்பட்டார்கள். மீன் வாங்கும் இடத்திலும் இதே பேச்சு. அதிபரான கன்னியாஸ்திரி (எல்லோருக்கும் அவர் வெறும் 'சிஸ்டர்'தான்) வேறு வழியில்லாமல், பெற்றோர் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். முகக்கவசம் ஏன் தேவை என்பதைக் கூட்டத்தில் விளக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்.

அவர் விளக்கும்படிதான் சொன்னார். செய்து காட்டும்படி சொல்லவில்லை. அது முழுக்க முழுக்க என் சொந்த முடிவு.

கூட்டம் ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் நடந்தது. மண்டபத்தின் ஒரு பக்கம் கடலைப் பார்த்தபடி திறந்திருக்கும். வாசலில் கை கழுவுவதற்குச் சவர்க்காரம் கரைத்த தண்ணீர் ஒரு பெரிய வாளியில் வைத்திருந்தார்கள். பங்குச் சுவாமி முன்வரிசைக் கதிரை ஒன்றில் இருந்தார். நான் மேடையில், அம்மா பழைய சேலைத் துணியில் இரட்டை மடிப்பாகத் தைத்துத் தந்த முகக்கவசத்தோடு, ஒரு பேராசிரியரின் தோரணையில் இருந்தேன்.

முதலில் எழும்பியவர் யூட் அண்ணை. கடற்றொழில் செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். அவருடைய தாயார் கொரோனாவில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர். பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை. பரம்பரையாக எல்லோரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிற சேமக்காலை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க, உடலை எரித்துவிட்டுச் சாம்பலைத்தான் கொடுத்தார்கள். அவர் அதையெல்லாம் அன்றைக்குச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

"என்ர வீட்டில இன்னும் ஐயா இருக்கிறார்," என்றார். "பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வந்து அவரோடதான் படுக்கிறவை. நான் வேறயொண்டும் சொல்லேல்லை."

அதோடு அவர் கதிரையில் இருந்துவிட்டார். அப்போதே கூட்டத்தை முடித்திருந்தால் என் கட்சி வென்றிருக்கும். நானும் முழு மீசையோடு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அடுத்து ஜெசிந்தா அக்கா எழும்பினார். அவருடைய மகள் டிலக்சி என்னிடம் ஏழாம் வகுப்பில் படித்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குக் காது சரியாகக் கேட்காது. அது எனக்கும் தெரியும். அதனால் அவளை முன்வாங்கில் இருத்தி, பக்கத்து வகுப்புக்கும் சேர்த்துப் படிப்பிக்கிற மாதிரி உரத்துக் கத்துவேன். அவள் தலையை ஆட்டுவாள். விளங்கிவிட்டது என்று நானும் நினைத்துக்கொள்வேன். சோதனையில் புள்ளிகள் குறைந்துகொண்டே போனதற்குக் கவனக்குறைவுதான் காரணம் என்று அவளுடைய முன்னேற்ற அறிக்கையிலும் எழுதியிருந்தேன்.

ஜெசிந்தா அக்கா, கூட்டத்துக்குக் கூட்டிவந்திருந்த மகளின் தோளில் கை வைத்தார். தன் மகள் ஆட்கள் பேசும்போது வாயைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்கிறவள், வீட்டில் எல்லாம் விளங்குகிறது, பாடசாலையில்தான் ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னார். "சேர்மாரை நான் குறை சொல்லேல்லை. ஆனா அவளுக்கு உங்கட வாய் தெரியவேணும்," என்றார்.

பின்வரிசையில் யாரோ, படிக்காத பிள்ளைகளுக்கு இப்படியெல்லாம் சாட்டுச் சொல்லலாம்தான் என்று முணுமுணுத்தது கேட்டது. ஜெசிந்தா அக்காவுக்கும் கேட்டிருக்கவேண்டும், முகம் சிவந்துபோனது. அந்த நேரத்தில் ஒரு நல்ல ஆசிரியன் அந்தப் பிள்ளைக்காக ஏதாவது சொல்லியிருப்பான். நான் எழும்பி, மிகவும் மரியாதையாக, "வாயைப் பார்த்துப் பாடம் முழுக்க விளங்குமெண்டு சொல்லுறதுக்கு ஒரு ஆதாரம் வேணும் அக்கா," என்றேன்.

அவர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். பக்கத்தில் இருந்த டிலக்சி தாயின் முகத்தையும் என் முகக்கவசத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் மெழுகுதிரி வைத்திருந்த மேசைக்கு வந்தேன். என் திட்டம் இதுதான். முகக்கவசம் இல்லாமல் ஊதினால் மெழுகுதிரி அணையும். போட்டுக்கொண்டு ஊதினால் அணையாது. அதிலிருந்து நம் மூச்சுக் காற்று எவ்வளவு தூரம் தடுக்கப்படுகிறது என்பதைச் சபை தானே விளங்கிக்கொள்ளும். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் பலமுறை செய்து பார்த்திருந்தேன். ஆனால் எங்கள் வீட்டு அறைக்குள் கடற்காற்று வருவதில்லை.

மண்டபத்தில் நான் மெழுகுதிரியைக் கொளுத்தினேன். அணைந்தது. திரும்பக் கொளுத்தினேன். கையை எடுக்க முன்னமே அணைந்தது. இன்னும் ஊதவே தொடங்கவில்லை. காற்றுக்கும் ஒரு மாஸ்க் போட்டுவிடச் சொல்லி யாரோ யோசனை சொன்னார்கள், சபை சிரித்தது. கோயில் வேலைகளைக் கவனிக்கிற சங்கிலித்தாம் ஒரு நல்ல மனிதர். என் அவதியைப் பொறுக்கமாட்டாமல் போய், பீடத்தில் வைக்கிற தடித்த மெழுகுதிரி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதன் சுவாலை இலேசில் அணையவில்லை.

முகக்கவசத்தைக் கொஞ்சம் கீழே இழுத்து ஊதினேன். அணைந்தது. கை தட்டினார்கள். திரும்பக் கொளுத்தி, முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டு ஊதினேன். சுவாலை ஆடியது, ஆனால் அணையவில்லை. இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். சிஸ்டர்கூடப் புன்னகைத்தார். ஆய்வு முடிந்துவிட்டது. நான் போய் இருந்திருக்கலாம்.

நான் இருக்கவில்லை. "இன்னும் கிட்ட நிண்டு ஊதினாலும் அணையாது, பாருங்கோ," என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவாலைக்குக் கிட்டே கொண்டுபோனேன். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கமிருந்து ஒரு காற்று வீசியது. சுவாலை என் பக்கம் சாய்ந்தது.

முதலில் மணம்தான் வந்தது. யாரோ கோழி வாட்டுகிறார்கள் என்று நினைத்தேன். வாட்டப்பட்டது என் மீசை. அம்மா தைத்த முகக்கவசத்தின் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது, அதில் நெருப்புப் பிடித்து மேலே ஏறியிருந்தது. நான் அதைப் பிடுங்கினேன். ஒரு காதிலிருந்து கழன்றது. மற்றக் காதில் மாட்டிக்கொண்டு, எரிந்தபடியே, தோடு மாதிரித் தொங்கியது. தலையை ஒருபக்கம் சரித்துக்கொண்டு மேடையைச் சுற்றினேன். (பரதநாட்டியத்தில் அப்படியொரு நிலை இருக்கிறது என்று பிறகு நடன ரீச்சர் சொன்னார்.)

எல்லோரும் கதிரையை விட்டு எழும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெசிந்தா அக்கா மட்டும் வாசலுக்கு ஓடினார். கை கழுவுகிற வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, முழுவதையும் என் முகத்தில் ஊற்றினார். நெருப்பு அணைந்தது. கண்ணுக்குள்ளும் வாய்க்குள்ளும் சவர்க்காரத் தண்ணீர்.

அப்போது நான் ஒரு சொல்லைச் சொன்னேன்.

அதை இங்கே எழுத ஏலாது. வள்ளத்தில் கயிறு வழுக்கிக் கையைக் கிழிக்கிறபோது சொல்லப்படுகிற சொல். ஒரு கன்னியாஸ்திரிக்கும் குருவானவருக்கும் முன்னால் எந்தக் காரணத்துக்காகவும் சொல்லப்படக்கூடாத சொல். ஆனால் எனக்கு மூச்சே இருக்கவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. சத்தம் வரவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

டிலக்சி தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள். காது கேட்காத பிள்ளைகளுக்குத் தங்கள் குரலின் உயரம் தெரியாது. மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்கத்தக்கதாக, "அம்மா, சேர் ..... எண்டு சொல்லுறார்," என்றாள். சொல்லை முழுதாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

ஜெசிந்தா அக்கா வெறும் வாளியைப் போட்டுவிட்டு மகளின் வாயைப் பொத்தினார். "பொய் சொல்லாத. சேர் ஒண்டும் சொல்லேல்லை."

பிள்ளை கையை விலக்கிவிட்டு, "சொன்னவர். நான் பார்த்தனான்," என்றாள்.

சிஸ்டர் எழும்பினார். முன்வரிசையில் இருந்தவர்களிடம், யாருக்காவது ஏதாவது கேட்டதா என்று விசாரித்தார். ஒருவருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கிட்டவே இருந்த சுவாமியும் இல்லை என்று தலையாட்டினார். பிறகு சிஸ்டர் என்னிடம் திரும்பினார்.

"சேர், நீங்கள் அந்தச் சொல்லைச் சொன்னனீங்களோ?"

ஒரு பதில் சொல்ல எடுக்கிற நேரத்தில் மனிதனுக்கு எவ்வளவு நினைப்புகள் ஓடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இல்லை என்று சொன்னால் என் வேலைக்கும் மானத்துக்கும் பழுதில்லை. ஒருவரும் நம்பாமல் விடப்போவதில்லை. கெட்ட சொல் பேசி, பொய்யும் சொன்ன பிள்ளை என்று டிலக்சி பேரெடுப்பாள். நான் கேட்ட ஆதாரம் அந்த இடத்திலேயே என் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தது. அவள் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாடசாலைக்கு நான் வந்த பிறகு என் வாயை அவள் பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"ஓம் சிஸ்டர்," என்றேன். "சொன்னனான்."

"அதே சொல்லோ?"

"அதே சொல்லுத்தான்."

முதலில் சிரித்தது யூட் அண்ணை. அந்த மனிதர் சிரித்து ஒருவரும் கன காலம் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. சாட்டு என்று முணுமுணுத்த பின்வரிசையும் சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் மற்றப் பக்கம் திரும்பி நின்றார், தோள் குலுங்கியது.

சிரிப்பு அடங்கியதும் யூட் அண்ணை எழும்பினார். "என்ர பிள்ளையள் போடுவினம் சிஸ்டர். அதை ஒருத்தரும் பகிடி பண்ணக்கூடாது. ஆனா இந்தப் பிள்ளைக்குப் படிப்பிக்கிறவை போடவேண்டாம்."

முடிவும் ஏறக்குறைய அதுவாகவே இருந்தது. விரும்பியவர்கள் போடலாம். போட்ட பிள்ளையையும் போடாத பிள்ளையையும் யாரும் கேலி செய்யக்கூடாது. டிலக்சியின் வகுப்புக்குப் போகிற ஆசிரியர்கள் முகத்தை மூடக்கூடாது, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டும் பேசக்கூடாது. மேடையை விட்டு ஈரத்தோடு இறங்கிய என்னைச் சுவாமி தட்டிக்கொடுத்தார். "தம்பி சைவமெண்டபடியால் பாவசங்கீர்த்தனம் கேக்க ஏலாது," என்றார். "ஆனா எல்லாற்ற முன்னாலயும் சொல்லியாச்சுத்தானே. உது காணும்."

திங்கட்கிழமை நான் மீசையை முழுதாக வழித்துவிட்டுப் போனேன். உதட்டுக்கு மேலே கொஞ்சம் சிவந்திருந்ததைத் தவிரப் பெரிய காயமில்லை. அமிலங்களும் காரங்களும் பற்றிய பாடம். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த டிலக்சி கையை உயர்த்தினாள். அவள் கையை உயர்த்தி நான் அதுவரை கண்டதில்லை.

"சேர், நீங்கள் இவ்வளவு நாளும் 'காரம்' எண்டோ சொன்னனீங்கள்? நான் 'பாரம்' எண்டு நினைச்சனான்."

அவள் 'பாரம்' என்று எழுதிய இடமெல்லாம் நான் சிவப்புப் பேனையால் வெட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்த அலகை முதலிலிருந்து தொடங்கினேன். மற்றப் பிள்ளைகள் அலுத்துக்கொண்டார்கள். முன்னேற்ற அறிக்கையையும் வாங்கி, கவனக்குறைவு என்று நான் எழுதியதை வெட்டிவிட்டு, கவனக்குறைவு என்னுடையது என்று எழுதினேன்.

தீவுப்பகுதியில் இப்படிப்பட்ட செய்தி பஸ்ஸை விட வேகமாகப் போகும். அடுத்த வருடம் நான் சரவணைக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் தகப்பனார் என் படிப்பையோ சம்பளத்தையோ பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு, கிட்டே குனிந்து, "தம்பி, அண்டைக்கு என்ன சொல்லுச் சொன்னனீர்?" என்றுதான் கேட்டார். குசினிக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்காரியைத்தான் கல்யாணம் கட்டினேன்.

அவள் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. கை சுட்டால், பால் பொங்கி வழிந்தால், மின்சாரம் நின்றால், "சேர் சொன்னது!" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அம்மாவும் பழகிவிட்டார். போன கிழமை எங்கள் மகன் முற்றத்தில் ஓடிப்போய் விழுந்தான். இப்போதுதான் பேசப் பழகுகிற பிள்ளை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணீரோடு, தனக்குத் தெரிந்ததிலேயே ஆகக் கெட்ட வார்த்தையைச் சத்தமாகச் சொன்னான்:

"அப்பா சொன்னது!"