துருப்பிடிக்க அனுமதி பெற்ற வண்டி

இரும்பு தோன்றிய நாளிலேயே துருவும் தோன்றிவிட்டது. துருவை ஒழிக்க ஒரு குழு தோன்றத்தான் மனித குலம் இத்தனை காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெருமை கடலோரத்து மருத்துவமனை ஒன்றின் வாகனப் பிரிவுக்குக் கிடைத்தது. பிரிவின் தலைவரே குழுவுக்கும் தலைவர். வேறு யாரும் அந்தப் பொறுப்பைக் கேட்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள், விட்டுத்தள்ளுங்கள்.

தலைவருக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. அவருடைய மனைவி அதே மருத்துவமனையில் நர்ஸ். ஆம்புலன்ஸின் பின்பக்கம் நோயாளியோடு போவதுதான் அவருக்கு வேலை. உப்புத் தண்ணீர் தேங்கும் கடற்கரைச் சாலையில் தினமும் ஓடி ஓடி, அந்த ஆம்புலன்ஸின் அடிப்பாகம் முழுக்கத் துரு ஏறியிருந்தது.

"ஏங்க, வண்டித் தரையை மிதிச்சா பிஸ்கட் மாதிரி நொறுங்குது" என்றார் மனைவி, ஒரு காலை வேளையில்.

"அதுக்குத்தானே குழு போட்டிருக்கோம்." தலைவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"குழு போட்டாப் போதுமா? துரு பிடிக்காம ஏதாச்சும் ஸ்ப்ரே அடிக்க வேணாமா?"

"எதை அடிக்கிறதுன்னு முடிவு பண்ணாம அடிச்சா, அதுக்குப் பேரு அவசரம்."

மனைவி அவசரச் சிகிச்சைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவர். அந்தச் சொல்லை இவ்வளவு கேவலமாக யாரும் உச்சரித்து அவர் கேட்டதில்லை.

குழு கூடியது. மேசைமேல் மூன்று ஸ்ப்ரே டப்பாக்கள். ஒன்று எண்ணெய்போல் இடுக்கெல்லாம் புகுந்துகொள்ளும். இன்னொன்று மெழுகுபோல் படியும். மூன்றாவது ரப்பர்போல் தடித்து ஒட்டிக்கொள்ளும். உறுப்பினர்களான மருத்துவமனைக் கண்காணிப்பாளரும் கணக்கு அதிகாரியும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார்கள். ஆய்வு அப்படித்தான் தொடங்கும்.

"முதல் டப்பா ரொம்ப வாடை அடிக்குதே" என்றார் கண்காணிப்பாளர்.

"வேலை செய்யற சரக்குன்னா வாடை இருக்கத்தான் சார் செய்யும்" என்றார் கணக்கு அதிகாரி.

"மூணாவதுல வாடையே இல்லையே?"

"அதான் சார் எனக்கும் சந்தேகமா இருக்கு. ஆனா ஒண்ணு, துருவைச் சுரண்டிட்டுத்தான் அடிக்கணும்னு டப்பாவிலேயே போட்டிருக்கு."

தலைவர் வருத்தத்தோடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டப்பாவைப் படிச்சுட்டு வந்து உட்கார்ந்தா, அப்புறம் எப்படி சார் நடுநிலையா முடிவெடுக்கிறது?"

கணக்கு அதிகாரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். படிக்காமலே முடிவெடுப்பதென்றால் சோதனை செய்துதான் ஆக வேண்டும். மூன்று வண்டிகளுக்கு மூன்று ஸ்ப்ரே. சோதனைக்கு நல்ல நிலையில் உள்ள வண்டிகள்தான் வேண்டும் என்பதால், உறுப்பினர்கள் மூவரும் தத்தம் கார்களையே முன்வந்து கொடுத்தார்கள். பொதுநலத்துக்காகச் சொந்தக் காரைக் கொடுக்கும் மனசு எத்தனை பேருக்கு வரும்?

"எதையுமே அடிக்காம ஒரு வண்டியும் வேணும்" என்றார் தலைவர். "அதோட ஒப்பிட்டாத்தான் ஸ்ப்ரே வேலை செய்யுதான்னு தெரியும். விஞ்ஞானம்னா சும்மா இல்லை."

"நம்ம ஆம்புலன்ஸை வெச்சுக்கலாமே சார்" என்றார் கண்காணிப்பாளர். "துருப்பிடிக்கிறதுல அதுக்கு ஏற்கனவே நல்ல அனுபவம் இருக்கு."

அனுபவத்துக்கு மதிப்புக் கொடுக்கும் குழு அது. ஆம்புலன்ஸ் ஒருமனதாகத் தேர்வாயிற்று. முடிவு தெரியும்வரை அதைக் கழுவக் கூடாது, சுரண்டக் கூடாது, ஒட்டுப்போடக் கூடாது என்று ஆணையும் பிறந்தது. ஊரில் எத்தனையோ வண்டி துருப்பிடிக்கிறது. ஆணையின்பேரில் துருப்பிடித்த வண்டி அது ஒன்றுதான்.

ஆணை போட்டதோடு நிற்கிறவரா தலைவர்? நேரிலேயே போய்ப் பார்த்தார். ஆம்புலன்ஸ் தரையில் இருந்த ஓட்டையின்மேல் ஓட்டுநர் ஒரு தகரத்தைப் போட்டு மூடியிருந்தார்.

"யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க?"

"ஓட்டை விழுந்துருச்சு சார். சிஸ்டர் கால் உள்ள போயிடும்."

"ஓட்டை எப்படிப் பெருசாகுதுன்னுதானேய்யா பார்த்துக்கிட்டிருக்கோம். அதை மூடி வெச்சா எதைப் பார்க்கிறது?"

ஆளை ஏவாமல், தலைவரே குனிந்து அந்தத் தகரத்தைப் பெயர்த்தெடுத்தார். இவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் அழுக்கில் கைவைப்பதைப் பார்த்து ஓட்டுநர் கைகட்டி ஒதுங்கி நின்றார்.

சாயங்காலம் வீட்டில் மனைவி கேட்டார். "தகரத்தை எடுத்துட்டீங்களாமே. நான் எங்க நிக்கிறது?"

"ஓரமா நில்லு. நடுவுலதான் துரு அதிகம்."

"நடுவுலதானே நோயாளி இருக்காரு?"

"அவரு படுத்துக்கிட்டுத்தானே இருக்காரு."

மனைவி பயந்துபோயிருந்தார். அந்தப் பயத்தோடே மறுநாளும் அதே வண்டியில் ஏறினார், ஏறாமல் இருந்தால் நோயாளியோடு போக வேறு ஆள் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. மூச்சுத் திணறிய ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் பறந்தது. முகத்திலிருந்து நழுவிய ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பிடிக்க மனைவி நடுவில் காலை வைத்தார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. தரை பொத்துக்கொண்டு, அவருடைய கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. மாஸ்க்கை மட்டும் அவர் விடவில்லை. பெரியவர் பிழைத்துக்கொண்டார். மனைவிக்குக் கணுக்காலில் எலும்பு முறிவு, கெண்டைக்கால் முழுக்கத் தையல்.

செய்தி கேட்ட தலைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வார்டுக்கு ஓடிவந்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு போய், குழுவையும் கூட்டிவிட்டுத் திரும்பி வந்தார். கடமை என்றால் அது.

"என்ன முடிவு பண்ணீங்க?" என்று மனைவி கேட்டார்.

"மூணு காருமே துருப்பிடிக்கலை. அதனால எது உசத்தின்னு சொல்ல முடியலை. சோதனையைத் தொடரப் போறோம்."

"அந்த ஆம்புலன்ஸ்தான் போச்சே."

"அதுக்குப் பதிலா இன்னொரு ஆம்புலன்ஸை எடுத்திருக்கோம்."

"அதுலயும் எதுவும் அடிக்க மாட்டீங்க."

"அடிச்சா எதோட ஒப்பிடறது? நீ கவலைப்படாதே." தலைவர் போர்வையை மெதுவாக இழுத்து, மனைவியின் இன்னொரு காலை மூடிவிட்டார். "கண்காணிப்பாளர்கிட்ட பேசிட்டேன். குணமானதும் உனக்கு வார்டு டியூட்டிதான். இனிமே நீ எந்த ஆம்புலன்ஸ்லயும் ஏற வேண்டியதில்லை."

இப்படி ஒரு கணவர் அமைய யாருக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறது?

"என் இடத்துல யார் போறா?"

"புதுசா சேர்ந்திருக்கே, அந்தப் பொண்ணு."

"அவ வீட்டுக்காரர் எந்தக் குழுவுல இருக்காரு?"