ஓய்வுக்குப் பாடம் எடுத்தவர்

பென்ஷன் வாங்குகிறவர்கள் ஓர் இனம். அவர்களால் யாருக்கும் தொல்லை இல்லை. மீன் பிடிக்கப் போய்விடுகிறார்கள். பென்ஷனைத் திட்டமிடுகிறவர்கள் இன்னோர் இனம். இவர்கள் எங்கேயும் போவதில்லை.

ஓக்லஹோமாவில் ராணுவ விமானங்களைப் பழுதுபார்க்கும் தளத்தில், உதிரிபாகப் பிரிவில் இருக்கும் வெண்டல் ஸ்டக்கியைப் பாருங்கள். வாரநாட்களில் அரசாங்க உத்தியோகம். அறுபது வயதுவரை மாதத்தில் ஒரு சனி ஞாயிறு சீருடை மாட்டிக்கொண்டு ரிசர்வ் படை. அங்கொரு பென்ஷன், இங்கொரு பென்ஷன். ரிசர்வில் வருஷத்துக்கு ஐம்பது புள்ளி சேர்ந்தால்தான் அந்த வருஷம் கணக்கில் வரும் என்பதால் காய்ச்சலோடு அணிவகுத்தார், மைத்துனன் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தார், முழங்காலில் அறுவைச் சிகிச்சையையே தள்ளிப்போட்டார். கேண்டீனில் யாராவது பிஸ்கட் என்கிற ரொட்டியும் கிரேவியுமாக எதிரே உட்கார்ந்தால், "உங்களுக்கு எத்தனை வருஷ சர்வீஸ்?" என்று ஆரம்பிப்பார். கிரேவி ஆறிப்போகும்.

அவருடைய ஓய்வு என்ன ஆயிற்று? ஐம்பத்தேழில் போவதாக இருந்தார். அறுபதில் ரிசர்வ் பென்ஷன் வந்துவிடும், வரட்டும் என்றார். வந்தது. அறுபத்திரண்டு வரை இருந்தால் அரசாங்க பென்ஷன் பத்தில் ஒரு பங்கு கூடும் என்றார். கூடியது. இப்போது அறுபத்து நான்கு. இன்னும் ஒரே ஒரு வருஷம்.

போன வசந்தத்தில், ஓய்வு பெறப்போகிறவர்களுக்கு வருஷந்தோறும் நடக்கும் வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லை. சூறாவளியால் டல்லஸில் மாட்டிக்கொண்டார். ஒரு வகுப்பையும் விடாத வெண்டலையே பாடம் எடுக்கச் சொன்னார் பிரிவுத் தலைவி ரோண்டா.

அன்று அவர் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எப்போது போனால் எவ்வளவு, தனக்குப் பின் மனைவிக்கு எவ்வளவு, வைத்தியச் செலவை யார் பார்ப்பார்கள் என்று குழந்தைக்கும் புரிகிறாற்போல் விளக்கினார். பெயின்ட் பிரிவு கிளிஃப்டன் எழுந்து, "அப்ப இப்பவே போனாலும் எங்களுக்குப் போதும்ங்கிறீங்க?" என்று கேட்டார்.

"தாராளமா."

வினை அந்த ஒரு சொல்லில் இருந்தது. இரண்டே வாரத்தில், கேட்டவர்களில் பாதிப் பேர் ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதே தளத்தில் சம்பளப் பிரிவில் வேலை பார்த்த வெண்டலின் மனைவி டார்லாவும்.

சேதி இரவுச் சாப்பாட்டின்போது தெரிந்தது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார் வெண்டல்.

"கேட்டேனே. கடைசி வரிசையில உக்காந்து ரெண்டு மணி நேரம் கேட்டேன். வீட்ல நீ இவ்வளவு தெளிவா சொன்னதே இல்ல."

"அடுத்த வருஷம் சேந்து போகலாம்ல?"

"வெண்டல், அந்த அடுத்த வருஷத்துக்காக ஏழு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்." கோபமாகச் சொல்லவில்லை. வெண்டலின் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைத்தபடியே சொன்னார் டார்லா.

ஜூனில் டார்லாவும் அவருடைய அக்காவும் வண்டியோடு இணைத்த சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு ஒரெகன் கடற்கரைக்குப் போனார்கள். இங்கே காலியான இடங்களின் வேலையெல்லாம் வெண்டல் தலையில் விழுந்தது. புதியவர்கள் பழகும்வரை இருக்க வேண்டுமென்று ரோண்டா கெஞ்சியபோது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது, வீட்டுக் கதவைத் திறக்கும்வரை.

டார்லா போனில், மூன்று நாளாக மூடுபனி, ஒன்றுமே செய்யவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். ஒன்றுமே செய்யாமலிருப்பது எப்படி இருக்கும் என்று கேட்க நினைத்த வெண்டல், பெட்ரோலுக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டுவைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தானும் தேதி குறித்துவிட்டதாகச் சொன்னார். டிசம்பர் முப்பத்தொன்று. அதுவரை இருந்தால் எடுக்காத விடுப்புக்கும் பணம் கிடைக்கும்.



"எந்த வருஷம்?" என்றார் டார்லா.



நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் விடுப்புப் பணம் என்று படித்ததும், உங்களுக்கு எத்தனை நாள் விடுப்பு மிச்சம் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தது யார்?